விளம்பரம் வாங்காத வாத்து

1973 டிசம்பர் 3, திங்கட்கிழமை இரவு. பாரிஸின் சேந்தொனோரே தெருவில் ஒரு பத்திரிகைக்குப் புது அலுவலகம் தயாராகிக்கொண்டிருந்தது. வேலை இன்னும் முடியவில்லை, யாரும் குடிவரவில்லை. அந்தப் பத்திரிகையின் கார்ட்டூனிஸ்டும் நிர்வாகப் பொறுப்பில் இருந்தவருமான ஆந்த்ரே எஸ்காரோ தற்செயலாக அந்த வழியே போனார். மாடியில் விளக்கு எரிந்தது. இந்த நேரத்தில் யார் என்று ஏறிப் பார்த்தால், உள்ளே சில ஆட்கள் மும்முரமாக வேலை பார்க்கிறார்கள். கேட்டதற்குக் குழாய் வேலைக்கு வந்தவர்கள் என்றார்கள். சொன்ன வேகத்திலேயே சாமான்களைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவர்கள் போனபின் பார்த்தால் சுவரில் துளைகள், ஒயர் இழுக்கச் செய்த ஏற்பாடுகள். ஒட்டுக்கேட்கும் மைக் பொருத்த வந்தவர்கள் அவர்கள். பிரான்சின் உள்நாட்டு உளவுத்துறை ஆட்கள்.

அமெரிக்காவில் எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஒட்டுக்கேட்க ஆட்கள் புகுந்த வாட்டர்கேட் விவகாரம் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. பிரெஞ்சுப் பத்திரிகை தன் அலுவலகத்தில் நடந்ததற்கு உடனே 'வாட்டர்காஃப்' என்று பெயர் சூட்டியது. காஃப் என்றால் சொதப்பல். வந்த ஆட்கள் யார் யார் என்று தேடிப்பிடித்துப் பெயர்களையும் வெளியிட்டது. அடுத்த பிப்ரவரியில் உள்துறை அமைச்சர் ரேமோன் மார்ஸெலேன் விவசாயத் துறைக்கு மாற்றப்பட்டார். வழக்கு மட்டும் ஒரு இடத்துக்கும் போகவில்லை. தேசப் பாதுகாப்பு ரகசியம் என்று ஒரு சொல் இருக்கிறதே, அதன் பின்னால் எல்லோரும் ஒளிந்துகொண்டார்கள். சில ஆண்டுகளில் நீதிமன்றம் வழக்கை முடித்துக்கொண்டது.

அந்தப் பத்திரிகையின் பெயர் 'லெ கனார் ஆன்ஷெனே'. விலங்கிடப்பட்ட வாத்து என்று அர்த்தம். கனார் என்றால் வாத்து. பேச்சுவழக்கில் செய்தித்தாளுக்கும் அதுதான் பெயர். வாரம் ஒருமுறை, புதன்கிழமை, எட்டே பக்கம். கறுப்போடு கொஞ்சம் சிவப்பு மை. பெரும்பாலும் கார்ட்டூன், கேலி, சிலேடை. இப்படிப்பட்ட ஒரு தாளைக் கண்டு ஓர் அரசாங்கம் ஏன் இரவில் ஆள் அனுப்ப வேண்டும்? அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். கனாரின் கேலியைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதன் கணக்குப் புத்தகம்.

எனக்கு அது அறிமுகமானது சித்தப்பா வழியாக. புதுச்சேரியில் 'சொல்தா வீடு' என்றால் எல்லோருக்கும் தெரியும், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் வீடு. சித்தப்பா ஓய்வுக்குப் பிறகு பாரிஸுக்குப் பக்கத்தில் சார்செல்லில் தங்கிவிட்டார். ஊருக்கு வரும்போதெல்லாம் பெட்டியில் பழைய கனார் இதழ்கள் இருக்கும். எனக்கு அப்போது அலியான்ஸ் பிரான்சேஸில் படித்த அரைகுறை பிரெஞ்சு. படங்களை மட்டும் புரட்டிக்கொண்டிருந்தேன். "படம் அப்புறம் பாக்கலாம். ரெண்டாம் பக்கத்தைப் படிடா, அங்கதான் விஷயம் இருக்கு" என்றார். இரண்டாம் பக்கத்தில் 'வாத்துக் குட்டை' என்ற பகுதி. அமைச்சரவையில் யார் யாரிடம் என்ன சொன்னார், ஜனாதிபதி யாரைத் திட்டினார் என்று துணுக்குத் துணுக்காக வரும். பிரெஞ்சு அமைச்சர்கள் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே ஆள் அனுப்பி, அச்சிலிருந்து வந்த முதல் பிரதிகளை வாங்கிவரச் சொல்வார்கள் என்பது ஊரறிந்த விஷயம். புதன்கிழமை காலையில்தான் அமைச்சரவைக் கூட்டம். தன் பெயர் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போக முடியும்.

பின்னாளில் நான் ஒரு நாளிதழில் உதவியாசிரியராகச் சில காலம் இருந்தேன். எந்த நாளிதழ் என்பது இங்கே தேவையில்லை. நகைக்கடை, துணிக்கடை, தனியார் கல்லூரி பற்றிய செய்தி எதுவாக இருந்தாலும் மாலையில் விளம்பரப் பிரிவிலிருந்து போன் வரும். யாரும் 'போடாதே' என்று சொன்னதில்லை. 'கொஞ்சம் பார்த்துக்குங்க' என்பார்கள். அவ்வளவுதான். செய்தி உள்பக்கத்துக்குப் போகும், பெயர் 'பிரபல நிறுவனம்' என்று மாறும், சில நாள் காணாமலே போகும். கனாரைப் பற்றி இவ்வளவு ஆர்வமாகப் படிக்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

பத்திரிகை பிறந்தது 1915 செப்டம்பர் 10. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. மொரீஸ் மரேஷால் என்ற பத்திரிகையாளர், அவர் மனைவி ழான், காஸியே என்ற ஓவியர், இவர்கள்தான் தொடங்கினார்கள். அன்றைய பிரெஞ்சு நாளிதழ்கள் போரைப் பற்றி வாய்க்கு வந்ததையெல்லாம் எழுதின. போர் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகாத 1914 ஆகஸ்டில், ரஷ்யக் கோசாக் படை பெர்லினிலிருந்து ஐந்து நாள் நடைதூரத்தில் இருக்கிறது என்று ஒரு பெரிய நாளிதழ் தலைப்பே போட்டது. அகழிகளில் பிணங்கள் அழுகிக் கிடந்தபோது வீட்டில் இருந்தவர்களுக்குக் கிடைத்த செய்தி இது. உண்மையை எழுதினால் ராணுவத் தணிக்கை வெட்டிவிடும். வெட்டிய இடம் வெள்ளையாகவே அச்சாகும்.

கனார் தொடக்க காலத்திலேயே ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மற்ற பத்திரிகைகள் உண்மையை மட்டுமே கொடுத்து மக்களைச் சலிப்படையச் செய்துவிட்டன, ஆகவே நாங்கள் நன்றாகச் சரிபார்த்து, முற்றிலும் தவறான செய்திகளை மட்டுமே போடுவோம் என்று. தணிக்கையாளன் பொய்யை வெட்ட முடியாது. படிப்பவனுக்கோ எது பொய், எது அதற்குள் இருக்கும் உண்மை என்று தெரியும். கேலி அவர்களுக்கு அழகுக்காக வரவில்லை. நேராகப் பேச வழியில்லாதபோது பேசக் கிடைத்த ஒரே வழி அது. பெயரும் அப்படித்தான் வந்தது. அரசியல்வாதி க்ளெமென்ஸோ நடத்திய 'சுதந்திர மனிதன்' பத்திரிகையை அரசு முடக்கியபோது, அவர் அதை 'விலங்கிடப்பட்ட மனிதன்' என்று மாற்றி நடத்தினார். மரேஷால் அதைப் பார்த்து வாத்துக்கு விலங்கு மாட்டினார்.

ஐந்து இதழோடு நின்றுபோனது. 1916 ஜூலையில் திரும்ப வந்தது, இந்த முறை நிலைத்தது. யார் மக்கள் மண்டையில் அதிகப் பொய்யைத் திணித்தவர் என்று வாசகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, 1917-இல் முடிவை அறிவித்தார்கள். முதலிடம் குஸ்தாவ் ஹெர்வே என்ற பத்திரிகை ஆசிரியருக்கு. எழுத்தாளர் மொரீஸ் பாரெஸும் அந்த வரிசையில் இருந்தார். அகழியில் இருந்த சிப்பாய்கள் இந்தப் பத்திரிகையை விரும்பிப் படித்தார்கள் என்பதில் வியப்பு இல்லை. அவர்கள்தானே போரை நேரில் பார்த்தவர்கள்.

இரண்டு போர்களுக்கும் நடுவில் நடந்தவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1934-இல் ஸ்தாவிஸ்கி என்ற மோசடிக்காரர், பெரிய அரசியல் புள்ளிகளோடு தொடர்புடையவர், போலீஸ் சுற்றிவளைத்தபோது தற்கொலை செய்துகொண்டதாக அறிவிக்கப்பட்டது. கனாரின் தலைப்பு: 'மிக அருகிலிருந்து தன்மீது சுடப்பட்ட குண்டால் ஸ்தாவிஸ்கி தற்கொலை'. ஒரே வரியில் ஒரு விசாரணை கமிஷனே அடங்கியிருக்கிறது.

1940-இல் ஜெர்மானியர்கள் பாரிஸுக்குள் வந்தபோது கனார் நின்றது. ஆக்கிரமிப்பின் கீழ் பிழைக்க மற்ற பல பத்திரிகைகள் வழி கண்டுபிடித்தன, இவர்கள் தேடவில்லை. மொரீஸ் மரேஷால் 1942-இல் இறந்துபோனார். பாரிஸ் விடுதலையானதும் 1944 செப்டம்பரில் ழான் மரேஷால் பத்திரிகையைத் திரும்பக் கொண்டுவந்தார். 1967-இல் தான் இறக்கும்வரை அதைக் காத்தவர் அவர்தான். கனாரின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் கணவர் பெயரோடு நிறுத்திவிடுகிறார்கள். 1950-களின் தொடக்கத்தில் விற்பனை படுமோசமாகச் சரிந்து, மூடிவிடலாம் என்ற நிலை வந்தபோதும் யாரிடமும் கைநீட்டாமல் தாக்குப்பிடித்தது அந்த அம்மாவின் காலத்தில்தான்.

இப்போது கணக்குப் புத்தகத்துக்கு வருகிறேன். கனார் விளம்பரம் வாங்குவதில்லை. வருமானம் முழுக்கத் தாளை விற்று வருவது. பங்குகள் அங்கே வேலை செய்கிறவர்களிடமும் ஓய்வு பெற்றவர்களிடமும்தான் இருக்கின்றன. வெளியாளுக்கு விற்க முடியாது, லாபப் பங்கும் கிடையாது. லாபம் வந்தால் சேமிப்புக்குப் போகும். அந்தச் சேமிப்பு வளர்ந்து 10 கோடி யூரோவைத் தாண்டியது. ஆண்டுக் கணக்கைக் கோடைகாலத்தில் தன் பக்கங்களிலேயே அச்சிடுவார்கள். வாசகன் கையில் இருக்கும் தாளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று அவனே பார்த்துக்கொள்ளலாம். 2002-இல் யூரோ வந்தபோது விலை 1.20 யூரோ. ஏறக்குறைய 20 வருடம் அதை ஏற்றவே இல்லை.

பத்திரிகையாளர்களுக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. வேறு பத்திரிகைக்கு எழுதக் கூடாது. பங்குச் சந்தையில் விளையாடக் கூடாது. பரிசுப் பொருள் வாங்கக் கூடாது. அரசு விருது ஏற்கக் கூடாது. 1930-களில் பியேர் சீஸ் என்பவர் லெழியோன் தொனேர் என்ற அரசு விருதை ஏற்றுக்கொண்டதற்காக வேலையை இழந்தார். நான் கேட்டுக் கொடுக்கவில்லையே என்று அவர் சொன்னதாகவும், அதற்குத் தகுதி பெறாமல் இருந்திருக்க வேண்டும் என்று பதில் வந்ததாகவும் ஒரு கதை உலவுகிறது. பதிலுக்குச் சம்பளம் நன்றாகக் கொடுத்தார்கள், பிரெஞ்சுப் பத்திரிகை உலகிலேயே மிக நல்ல சம்பளங்களில் ஒன்று. இதுவும் முக்கியம் என்று நினைக்கிறேன். வயிறு நிறையாதவனிடம் நேர்மையை மட்டும் எதிர்பார்க்கும் நிர்வாகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

1969-70 வாக்கில் ரோழே ஃப்ரெஸோஸ் பொறுப்புக்கு வந்தார். 1960 முதலே கனாரில் அன்றைய ஜனாதிபதி தெ கோலை ஒரு ராஜாவாகவும், அவரைச் சுற்றி இருந்தவர்களை அரண்மனைக் கூட்டமாகவும் வைத்துப் பழைய பிரெஞ்சு நடையில் தொடர் எழுதி, ஓவியர் மொய்சானின் படங்களோடு பெரிய பெயர் வாங்கியவர். அவர் காலத்தில்தான் கேலிப் பத்திரிகை புலனாய்வுப் பத்திரிகையாகவும் ஆனது. தொலைக்காட்சியும் வானொலியும் அப்போது அரசின் கையில். பெரிய நாளிதழ்களுக்கு முதலாளிகள். மனம் பொறுக்காத ஒரு அதிகாரி, கையில் ஒரு காகிதத்தோடு எங்கே போவார்? விளம்பரக்காரரும் முதலாளியும் இல்லாத ஓர் இடத்துக்குத்தான் போவார். தொழில் இரகசியம் இதுதான். கனார் செய்தியைத் தேடிப் போனதைவிடச் செய்தி கனாரைத் தேடி வந்ததுதான் அதிகம்.

1972 ஜனவரியில் பிரதமர் ழாக் ஷபான்-தெல்மாஸின் வருமான வரிக் காகிதங்களை அப்படியே படமெடுத்துப் போட்டார்கள். பங்கு வருமானத்துக்கு இருந்த ஒரு சலுகையால் அவர் சில ஆண்டுகளாக வரியே கட்டவில்லை. எல்லாம் சட்டப்படிதான். ஆனால் சம்பளத்துக்கு ஒழுங்காக வரி கட்டிப் பழகிய மக்களுக்கு அந்தச் சட்டமே புதுச் செய்தி. ஜூலையில் ஜனாதிபதி பொம்பிதூ அவரை மாற்றினார், அதற்கு வேறு காரணங்களும் இருந்தன. அடுத்த ஆண்டு 'குழாய்க்காரர்கள்' வந்ததை இதோடு சேர்த்துப் பார்த்தால் புரியும். கனார் என்ன எழுதுகிறது என்பது அரசுக்குத் தெரியும். தெரிய வேண்டியிருந்தது, யார் கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்பது.

1979 அக்டோபர் 10-ஆம் தேதி இதழ் ஜனாதிபதி வலேரி ழிஸ்கார் தெஸ்தேனின் அரசியல் வாழ்க்கையையே புரட்டிப்போட்டது. மத்திய ஆப்பிரிக்க நாட்டை ஆண்ட பொக்காஸா அதற்குச் சில வாரம் முன்புதான் ஆட்சியிலிருந்து கவிழ்க்கப்பட்டிருந்தார். 1973-இல், ழிஸ்கார் நிதியமைச்சராக இருந்தபோது, அவருக்காக 30 காரட் வைரங்கள் கேட்டு பொக்காஸா போட்ட உத்தரவின் நகல் கனாருக்குக் கிடைத்தது. ஜனாதிபதி வாரக்கணக்கில் வாய் திறக்கவில்லை. அப்புறம் தொலைக்காட்சியில் இகழ்ச்சியோடு ஒரு மறுப்பு. வைரங்களை விற்றுத் தொண்டு அமைப்புகளுக்குக் கொடுத்துவிட்டேன் என்ற விளக்கம் 1981 தேர்தல் நேரத்தில்தான் வந்தது. முதலில் பேசப்பட்ட அளவுக்கு அவை மதிப்புள்ளவை அல்ல என்று பின்னாளில் வாதங்கள் வந்தன, அதில் உண்மை இருக்கலாம். மதிப்பு குறைவென்றால் அன்றைக்கே பெட்டியைத் திறந்து காட்டியிருக்கலாமே என்பதுதான் என் பதில். மே 10-இல் அவர் தோற்றார்.

அந்தத் தோல்விக்கு நான்கு நாள் முன்பு, மே 6 இதழில், இன்னொரு காகிதக் கட்டு வெளிவந்தது. நான் எல்லாவற்றையும்விட உயர்வாக மதிப்பது இதைத்தான். ழிஸ்காரின் பட்ஜெட் அமைச்சர் மொரீஸ் பப்போன். ஆக்கிரமிப்புக் காலத்தில் போர்தோ நகரில் மாவட்ட நிர்வாகத்தின் செயலராக இருந்தவர். யூதர்களைப் பிடித்து அனுப்பும் உத்தரவுகளில் அவர் கையெழுத்து இருந்தது. மிஷெல் ஸ்லிதின்ஸ்கி என்பவர், தன் குடும்பமே அந்தக் கொடுமைக்கு ஆளானவர், விடாமல் தேடி இந்த ஆவணங்களை வெளியே கொண்டுவர உழைத்தார். கனார் அச்சிட்டது. வழக்கு 17 ஆண்டுகள் இழுத்தது. 1998 ஏப்ரல் 2-ஆம் தேதி, மனிதகுலத்துக்கு எதிரான குற்றத்துக்கு உடந்தை என்று பப்போனுக்கு 10 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 87. அதே மனிதர்தான் 1961 அக்டோபர் 17 இரவு, பாரிஸில் அல்ஜீரியர்களின் ஊர்வலத்தைப் போலீஸ் கொடூரமாக ஒடுக்கியபோது நகரின் போலீஸ் தலைவர். பதவிக்குமேல் பதவி ஏறிக்கொண்டே போன ஒருவரின் கோப்பைத் திறக்க ஒரு கார்ட்டூன் வாரப் பத்திரிகைதான் கிடைத்தது.

1989-இல் பெஜோ கார் ஆலையில் தொழிலாளர்கள் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். முடியாது என்றது நிர்வாகம். செப்டம்பர் 27 இதழில் அதன் தலைவர் ழாக் கால்வேயின் வரி நோட்டீஸ்கள் வந்தன. இரண்டு வருடத்தில் அவர் சம்பளம் 45.9 சதவீதம் உயர்ந்திருந்தது. எழுதிய க்ளோத் ருவாருக்கும் ஃப்ரெஸோஸுக்கும் பிரெஞ்சு நீதிமன்றம் அபராதம் போட்டது. செய்தி பொய் என்பதற்காக அல்ல. வரி அலுவலக இரகசியத்தை மீறி எடுத்த நகலை வைத்திருந்தார்கள் என்பதற்காக, கிட்டத்தட்டத் திருட்டுப் பொருள் வாங்கியதுபோல. அவர்கள் விடவில்லை, ஸ்ட்ராஸ்பூரில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போனார்கள். 1999 ஜனவரி 21-இல் தீர்ப்பு: கருத்துச் சுதந்திரம் மீறப்பட்டிருக்கிறது, செய்தி பொதுநலன் சார்ந்தது, ஆதாரமாக அந்த நகலை அச்சிட்டது தவறல்ல. கசிந்த ஆவணத்தை வைத்து எழுதியதற்காக ஐரோப்பாவில் ஒரு பத்திரிகையாளர் கூண்டில் ஏறும்போதெல்லாம் வழக்கறிஞர்கள் இந்தத் தீர்ப்பைக் காட்டுகிறார்கள். ஆட்சிகளைக் கவிழ்த்த கதைகளே அதிகம் பேசப்படுகின்றன. கனார் மற்றவர்களுக்குச் செய்த பெரிய உதவி இந்த வழக்குதான் என்பேன்.

குறை இல்லாமல் இல்லை. படுக்கையறை வாசலில் செய்தி நின்றுவிட வேண்டும் என்பது அவர்கள் விதி. நல்ல விதி. ஆனால் ஜனாதிபதி மித்தெரானின் இன்னொரு குடும்பம் அரசுச் செலவில், அரசு வீட்டில், அரசுப் பாதுகாப்போடு இருந்தபோது அது வெறும் படுக்கையறை விஷயமா? நாட்டுக்கு அது தெரியவந்தது 1994-இல், வேறொரு பத்திரிகை போட்ட படங்களால். அங்கே கனார் தயங்கியிருக்கக் கூடாது என்பது என் எண்ணம். அரசியல்வாதிகள் தங்கள் போட்டியாளரைத் தீர்த்துக்கட்டக் கனாருக்குக் காகிதம் அனுப்புகிறார்கள், பத்திரிகை அவர்கள் கையில் கருவியாகிறது என்றும் ஒரு குற்றச்சாட்டு உண்டு. அது ஓரளவு உண்மைதான். கொடுத்தவரின் உள்நோக்கம் எதுவானாலும் காகிதம் உண்மையா, மக்களுக்குத் தெரியவேண்டியதா என்று மட்டும் பார்த்தால் போதும் என்ற பக்கம் நான் நிற்கிறேன். உதவியாசிரியர் நாற்காலியில் இருந்தபோதும் அப்படித்தான் நினைத்தேன்.



2017 ஜனவரி 25 இதழ் இன்னொரு தேர்தலை மாற்றியது. ஜனாதிபதி தேர்தலில் முன்னணியில் இருந்தவர் ஃபிரான்சுவா ஃபியோன். தன்னை நேர்மைக்கு எடுத்துக்காட்டாக முன்னிறுத்திப் பிரச்சாரம் செய்தவர். அவர் மனைவி பெனலோப், நாடாளுமன்ற உதவியாளர் என்ற பெயரில் வருடக்கணக்கில் சம்பளம் வாங்கியதையும், வேலை செய்ததற்குத் தடயமே கிடைக்கவில்லை என்பதையும் கனார் எழுதியது. அடுத்த வாரமே தொகை 8 லட்சம் யூரோவைத் தாண்டியது. முதல் சுற்றிலேயே ஃபியோன் மூன்றாமிடத்துக்குப் போய் வெளியேறினார். 2020-இல் நீதிமன்றம் இருவரையும் குற்றவாளிகள் என்றது.

அந்தச் செய்தியை எழுதிய மூவரில் ஒருவர் 2022-இல் தன் சொந்தப் பத்திரிகைமீது புகார் கொடுத்தார். ஒரு மூத்த ஓவியரின் துணைவிக்குக் கனார் பல வருடம் வேலை இல்லாமல் சம்பளம் கொடுத்தது என்பது புகார். சம்பந்தப்பட்டவர்கள் மறுத்தார்கள், விவகாரம் நீதிமன்றம்வரை போனது, அலுவலகம் இரண்டாகப் பிளந்தது. எனக்கு இதைப் படித்தபோது வலித்தது. ஆனால் புகார் சொன்னவரும் கனார்க்காரர்தான். வெளியே யாரைப் பற்றிக் கேட்டாரோ அதே கேள்வியை உள்ளேயும் கேட்டார்.

தாளை நம்பி வாழ்ந்த பத்திரிகைக்குத் தாள் காலம் முடிந்துகொண்டிருக்கிறது என்பதும் உண்மை. வெகுகாலம் அவர்கள் இணையதளத்தில் முகப்புப் பக்கமும், செய்தித்தாளும் மையும்தான் எங்கள் தொழில் என்ற ஒரு குறிப்பும் மட்டுமே இருந்தன. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்து கடைகள் மூடியபோதுதான் முதல்முறையாக இதழை இணையத்தில் கொடுத்தார்கள்.

ஆனால் விளம்பரம் வாங்காமல் நடத்தும் அந்த வழி அதற்கு முன்பே இணையத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. 'ல மோந்த்' நாளிதழிலிருந்து வெளியேறிய எத்வி ப்ளெனெலும் நண்பர்களும் 2008-இல் 'மெதியாபார்' தளத்தைத் தொடங்கினார்கள். விளம்பரம் இல்லை, சந்தா மட்டும், ஆண்டுக் கணக்கு வாசகர் பார்வைக்கு. எல்லாம் இலவசமாகக் கிடைக்கும் இணையத்தில் காசு கொடுத்து யார் படிப்பார்கள் என்று அப்போது கேட்டவர்கள் அதிகம். 2012 டிசம்பரில் பட்ஜெட் அமைச்சர் ஜெரோம் கயுசாக்குக்கு வெளிநாட்டில் ரகசிய வங்கிக் கணக்கு இருந்ததை அவர்கள் வெளியிட்டார்கள். அவர் நாடாளுமன்றத்திலேயே மறுத்தார். 2013 மார்ச்சில் பதவி விலகினார், ஏப்ரல் 2-ஆம் தேதி ஒப்புக்கொண்டார். வரி ஏய்ப்பை ஒழிக்க வேண்டிய துறை அவருடையது. அவர் துறையிடம் விளம்பரம் வாங்கும் நிலையில் மெதியாபார் இல்லை.